தொண்டைவலிக்கு ஸ்கோர் போடுவது எப்படி? நான்கு கேள்விகளில் ஸ்ட்ரெப்பைத் தேடும் முறை

தொண்டை வலிக்கிறது என்று வருகிறவரை வாய் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே காட்சிதான்: சிவந்த தொண்டை. அந்தச் சிவப்புக்குக் காரணம் வைரஸா, பாக்டீரியாவா என்பதை நிறத்தை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. பல வருட அனுபவம் உள்ள மருத்துவர்களும் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்லும்போது நிறையவே தவறுகிறார்கள். ஆனால் அடுத்து என்ன செய்வது என்பது அந்த ஒரு பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது. வைரஸ் என்றால் ஆன்டிபயாட்டிக்கால் எந்தப் பலனும் இல்லை. வயிற்றுப்போக்கு, தோலில் தடிப்பு என்று அதன் கெடுதல் மட்டும் வந்து சேரும். பாக்டீரியா என்றால் சிலருக்கு அதே மருந்து மிக அவசியம்.

இந்த இடத்தில் உதவத்தான் மருத்துவர்கள் ஒரு சின்னக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி, கூட்டினால் ஒரு ஸ்கோர். ஒரு டார்ச், ஒரு தெர்மாமீட்டர், இரண்டு விரல் நுனிகள் போதும். இதற்குச் சென்டார் ஸ்கோர் என்று பெயர். கணக்கு எளிது. ஆனால் வரும் எண்ணுக்கு என்ன அர்த்தம் என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அதனால் அந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்ப்போம்.

யாரைத் தேடுகிறோம்?

தொண்டைவலியில் பெரும்பகுதி வைரஸ்களின் வேலை. சாதாரண ஜலதோஷத்தைக் கொண்டுவரும் ரைனோவைரஸ், அடினோவைரஸ், இன்ஃப்ளூயன்சா, கொரோனா வகைகள் என்று பட்டியல் நீளம். பாக்டீரியாக்களில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பையோஜீன்ஸ். இதைக் குரூப் ஏ ஸ்ட்ரெப் என்றும் சொல்வார்கள். அந்த 'ஏ' என்ற எழுத்து, 1933-ல் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க நுண்ணுயிரியலாளர் இந்தக் கிருமிகளை வகை பிரித்து எழுத்து கொடுத்ததிலிருந்து வந்தது. தொண்டைவலியோடு வரும் பெரியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கும், பிள்ளைகளில் பத்தில் இரண்டு மூன்று பேருக்கும் இந்தக் கிருமிதான் காரணமாக இருக்கும். மற்றவர்களுக்கு வேறு ஏதோ.

பெரும்பாலானோருக்கு ஸ்ட்ரெப் தொண்டையும் ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். அப்படியிருக்க அதை ஏன் இத்தனை தேட வேண்டும்? முக்கியக் காரணம் ருமாட்டிக் காய்ச்சல். தொண்டைவலி வந்துபோய் இரண்டு மூன்று வாரம் கழித்து, கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறுதலாக மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கத் தொடங்கும். மூட்டு வீக்கம் வடிந்துவிடும். இதய வால்வில் விழுந்த வடு வடியாது. இது பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வருவது என்பதுதான் மனதை உறுத்துகிறது. பத்து வயதில் வந்த தொண்டைவலி, முப்பது வயதில் மூச்சுத் திணறலாகத் திரும்பி வரலாம். பென்சிலின் கொடுத்தால் இதைத் தடுக்கலாம் என்பது 1950-ல் வெளியான ஓர் ஆய்வில் தெளிவானது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் இருந்த வாரன் விமானப்படைத் தளத்தின் வீரர்களிடம் நடந்த ஆய்வு அது. தொண்டைவலி தொடங்கி ஒன்பது நாளுக்குள் மருந்தைத் தொடங்கினாலும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுத்துவிடலாம் என்பதும் பிற்பாடு உறுதியானது. இந்த ஒன்பது நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இது தவிர டான்சிலுக்குப் பக்கத்தில் சீழ் கட்டுவது, சிறுநீரக அழற்சி போன்றவையும் உண்டு. அடுத்தவருக்குத் தொற்றுவதும் ஒரு கவலை. மருந்து தொடங்கி ஒரு நாளுக்குள் அந்தத் தொற்றும் தன்மை பெருமளவு குறைந்துவிடும்.

நான்கு கேள்விகள்

1981-ல் ராபர்ட் சென்டாரும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், அவசரப் பிரிவுக்குத் தொண்டைவலியோடு வந்த 286 பெரியவர்களைக் கவனித்தார்கள். ஒவ்வொருவருக்கும் என்னென்ன அறிகுறி இருந்தது என்று குறித்துக்கொண்டார்கள். தொண்டையில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, ஸ்ட்ரெப் வளர்கிறதா என்று கல்ச்சர் பரிசோதனையும் செய்தார்கள். பிறகு, எந்த அறிகுறிகள் சேர்ந்தால் கிருமி இருக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று கணக்குப் பார்த்தார்கள். ஏராளமான அறிகுறிகளில் நான்கு மட்டும் தனித்து நின்றன.

முதலாவது, காய்ச்சல். சென்டாரின் கணக்கில் 'காய்ச்சல் அடித்ததா?' என்று கேட்பதே போதும், அந்த நேரத்தில் உடம்பு சுட வேண்டும் என்பதில்லை. இது அர்த்தமுள்ள ஏற்பாடு. காலையில் 39 டிகிரி காய்ச்சலோடு இருந்தவர் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்திருந்தால் தெர்மாமீட்டர் 37 தான் காட்டும். பின்னால் வந்த மாற்றங்களில் 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்று ஓர் எல்லை வைத்தார்கள்.

இரண்டாவது, டான்சிலின் மேல் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம் அல்லது புள்ளிகள். இதைப் பார்ப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். நாக்கை அழுத்தி 'ஆ' சொல்லவைத்தால் உள்நாக்கு மேலே ஏறும். அதன் இரு பக்கமும், இரண்டு மடிப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் சதைதான் டான்சில். சீழ்ப் படலம் என்றால் அந்தச் சதையே வீங்கிச் சிவந்து, அதன்மேல் தயிர்த் திட்டு போல ஒட்டியிருக்கும். சிலருக்கு டான்சிலின் குழிகளில் எப்போதுமே சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் இருக்கும். அவை டான்சில் கற்கள். வாய் நாற்றம் தருமே தவிர ஸ்ட்ரெப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தன் தொண்டையைத் தானே பார்த்து ஒரு புள்ளி போட்டுக்கொள்பவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மூன்றாவது, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டியிருப்பது. தாடை எலும்பு காதுக்குக் கீழே திரும்பும் மூலை இருக்கிறதல்லவா, அதற்குச் சற்றே கீழே, கழுத்தில் சாய்வாக இறங்கும் பெரிய தசைக்கு முன்னால் விரல் நுனியை வைத்து மெதுவாக உருட்டிப் பார்க்க வேண்டும். டான்சிலிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேருவது அங்கே இருக்கும் கணுக்களுக்குத்தான். அவை வீங்கியிருந்தால் மட்டும் போதாது, தொட்டால் வலிக்கவும் வேண்டும். பிள்ளைகளுக்கு வலிக்காத சின்ன நெறிகள் சாதாரண நாளிலேயே கையில் தட்டுப்படும். அவற்றுக்குப் புள்ளி கிடையாது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: இருமல் இல்லாமலிருப்பது. மற்ற மூன்றும் 'இருக்கிறதா?' என்று கேட்க, இது மட்டும் 'இல்லையா?' என்று கேட்கிறது. இருமல் இருந்தால் பூஜ்யம், இல்லாவிட்டால் ஒரு புள்ளி. காரணம் எளிமையானது. ஜலதோஷ வைரஸ்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. மூக்கிலிருந்து மூச்சுக்குழாய் வரை பாதை முழுவதும் பரவும். அதனால் மூக்கு ஒழுகும், குரல் கட்டும், இருமல் வரும், சில சமயம் கண்ணும் சிவக்கும். ஸ்ட்ரெப் அப்படிப் பரவாமல் தொண்டையிலேயே தங்கி அங்கேயே பலமாகத் தாக்கும். எச்சில் விழுங்கினாலே உயிர் போகிற மாதிரி வலி, காய்ச்சல், ஆனால் ஒரு இருமல்கூட இல்லை என்றால் சந்தேகம் ஸ்ட்ரெப் பக்கம் திரும்புவது அதனால்தான்.

இந்தக் கடைசிக் கேள்வியை மட்டுமாவது எல்லோரும் தெரிந்து வைத்திருந்தால் நல்லது. மூக்கு ஒழுகி, இருமிக்கொண்டே தொண்டையும் வலிக்கிறது என்றால், அது வைரஸாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம். அந்த நிலையில் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று மருத்துவரிடம் வற்புறுத்துவதில் எந்த லாபமும் இல்லை.

எண்ணுக்கு என்ன அர்த்தம்?

சரி, கூட்டியாயிற்று. 0 முதல் 4 வரை ஏதோ ஓர் எண் வந்துவிட்டது. சென்டாரின் ஆய்வில் கிடைத்த விவரம் இது: 4 புள்ளி வாங்கியவர்களில் ஸ்ட்ரெப் இருக்கும் வாய்ப்பு 56 சதவீதம். 3 புள்ளிக்கு 32 சதவீதம். 2 புள்ளிக்கு 15. ஒரே ஒரு புள்ளிக்கு 6.5. பூஜ்யத்துக்கு 2.5.

முதல் எண்ணை மறுபடியும் பாருங்கள். நான்குக்கு நான்கு வாங்கியவர்களிலும் 56 சதவீதம்தான். நூறு பேரில் 44 பேருக்கு ஸ்ட்ரெப் இல்லை. காய்ச்சல், வெள்ளைப் படலம், நெறிக்கட்டு, இருமல் இல்லாமை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தும், ஏறத்தாழ ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது போலத்தான். 'ஸ்கோர் 4, அப்படியானால் ஸ்ட்ரெப்தான்' என்று முடிவு கட்டுவது அதனால்தான் தவறு.

இப்போது கடைசி எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் வாங்கிய நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் ஸ்ட்ரெப். இந்த ஸ்கோரின் உண்மையான பலம் இங்கே இருக்கிறது. 'இருக்கிறது' என்று அடித்துச் சொல்வதில் அது சுமார்தான். 'இருக்க வாய்ப்பு மிகக் குறைவு' என்று சொல்வதில் கெட்டி. சோதனையும் வேண்டாம், ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், வலிக்கு மருந்து கொடுத்து அனுப்பலாம் என்று ஒரு பெரிய கூட்டத்தை நிம்மதியாகப் பிரித்து வைக்க அது உதவுகிறது. மற்றவர்களில் யாருக்குச் சோதனை செய்வது என்று காட்டுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

'எதற்கு இந்தக் கணக்கெல்லாம், எல்லோருக்கும் ரேபிட் டெஸ்ட் செய்துவிடலாமே?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. ரேபிட் டெஸ்ட் என்பது தொண்டையில் தடவி எடுத்ததைச் சில நிமிடங்களில் சோதித்துச் சொல்வது. ஸ்ட்ரெப் உள்ள நூறு பேரில் சுமார் 85 பேரை அது கண்டுபிடிக்கும். ஸ்ட்ரெப் இல்லாத நூறு பேரில் சுமார் 95 பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்லும். ஐந்து பேரைத் தவறாக 'இருக்கிறது' என்று சொல்லிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையே பூஜ்யம் ஸ்கோர் வாங்கிய 1,000 பேருக்குச் செய்து பார்ப்போம். அவர்களில் 25 பேருக்கு மட்டும் ஸ்ட்ரெப். சோதனை அதில் 21 பேரைப் பிடிக்கும். மீதி 975 பேருக்கு ஸ்ட்ரெப் இல்லை. அதில் ஐந்து சதவீதம், அதாவது 49 பேருக்குத் தவறாகப் 'பாசிட்டிவ்' வரும். மொத்தம் 70 பாசிட்டிவில் 49 பொய். சோதனை கெட்டதல்ல, சோதிக்கத் தேவையில்லாதவர்களிடம் அதைச் செய்ததுதான் பிரச்சினை. ஸ்கோரை முதலில் போட்டுவிட்டுச் சோதனைக்குப் போவது இந்த விபத்தைத் தடுக்கிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சில பிள்ளைகள் எந்த நோயும் இல்லாமலே இந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு திரிவார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அப்படி இருக்கக்கூடும். அவர்களுக்கு வைரஸால் தொண்டைவலி வந்து, சோதனை செய்தால் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். கிருமி இருப்பது உண்மை. ஆனால் அன்றைய வலிக்குக் காரணம் அது இல்லை. மூக்கு ஒழுகி இருமும் பிள்ளைக்குச் சோதனை வேண்டாம் என்று வழிகாட்டு நெறிமுறைகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இடம் மாறினால் எண்ணும் மாறும்

சென்டாரின் 286 பேரில் சுமார் 17 சதவீதத்தினருக்கு ஸ்ட்ரெப் இருந்தது. மேலே சொன்ன 56, 32, 15 எல்லாம் அந்தப் பின்னணியில் வந்த எண்கள். வேறு இடத்தில், வேறு பருவத்தில், ஸ்ட்ரெப் குறைவாகவோ அதிகமாகவோ சுற்றிக்கொண்டிருந்தால் அதே ஸ்கோருக்கு வேறு அர்த்தம் வரும்.

கணக்கே போட்டுப் பார்க்கலாம். 4 புள்ளி என்பது வாய்ப்பை 17-லிருந்து 56 ஆக உயர்த்தியது. அதே பலத்தோடு உயர்த்துகிறது என்று வைத்துக்கொண்டால், தொண்டைவலிக்காரர்களில் 5 சதவீதத்தினருக்கு மட்டும் ஸ்ட்ரெப் இருக்கும் இடத்தில், 4 புள்ளிக்கான வாய்ப்பு சுமார் 25 சதவீதம்தான். 30 சதவீதத்தினருக்கு இருக்கும் இடத்தில் அது 70-ஐத் தாண்டிவிடும். அதே காய்ச்சல், அதே நெறி, அதே படலம். மாறியது சுற்றுப்புறம் மட்டும். 1986-லேயே இந்த விதியை வேறு ஊர்களில் பரிசோதித்தவர்கள், அங்கே நோய் எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதைச் சேர்த்துக் கணக்கிடாமல் எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் தவறும் என்று சுட்டிக்காட்டிவிட்டார்கள். 2012-ல் அமெரிக்காவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை வைத்துச் சரிபார்த்தபோது, 4 புள்ளிக்கு வந்தது 57 சதவீதம், சென்டார் சொன்னதற்கு மிக அருகில். ஆனால் பூஜ்யத்துக்கு 7 சதவீதம் வந்தது, சென்டாரின் 2.5-ஐவிட அதிகம்.

வயதைச் சேர்த்தவர்

ஸ்ட்ரெப் பிள்ளைகளுக்கு அதிகம் வரும், வயதானவர்களுக்குக் குறைவாக வரும். சென்டார் பார்த்ததோ பெரியவர்களை மட்டும். இந்த இடைவெளியை நிரப்பியவர் கனடாவைச் சேர்ந்த வாரன் மெக்ஐசக். 1998-ல் அவரும் சகாக்களும் அந்த நான்கு கேள்விகளோடு வயதையும் சேர்த்தார்கள். 3 முதல் 14 வயது வரை என்றால் ஒரு புள்ளி கூட்டு. 15 முதல் 44 வரை கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். 45-ம் அதற்கு மேலும் என்றால் ஒரு புள்ளி கழி. டான்சில் கேள்வியையும் கொஞ்சம் தளர்த்தினார்கள்: படலம் இல்லாமல் வீங்கியிருந்தாலே புள்ளி உண்டு. இப்போது பலரும் பயன்படுத்துவது இந்தத் திருத்திய வடிவத்தைத்தான்.

மூன்று பேரை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

48 வயதுப் பெண். இரண்டு நாளாகத் தொண்டைவலி, 38.2 டிகிரி காய்ச்சல். இருமல் இருக்கிறது, மூக்கும் ஒழுகுகிறது. தொண்டை சிவந்திருக்கிறது, ஆனால் டான்சிலில் வீக்கமோ படலமோ இல்லை. நெறி இல்லை. காய்ச்சலுக்கு ஒன்று, வயதுக்குக் கழித்தல் ஒன்று, மொத்தம் பூஜ்யம். சோதனை தேவையில்லை. நிறையத் தண்ணீர், ஓய்வு, வலிக்குப் பாராசிட்டமால். காய்ச்சல் இருந்ததால் 'ஆன்டிபயாட்டிக் இல்லையா?' என்று அவர் கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குப் பொறுமையாக ஒரு நிமிடம் விளக்கம் சொல்லும் மருத்துவர், ஒரு மருந்துச் சீட்டு எழுதுவதைவிடப் பெரிய உதவியைச் செய்கிறார்.

20 வயது மாணவி. ஒரு வாரமாகக் காய்ச்சலும் சோர்வும். டான்சில் இரண்டும் பெரிதாக வீங்கி முழுக்க வெள்ளைப் படலம். இருமல் இல்லை. கழுத்தில் நெறி இருக்கிறது, ஆனால் பின்பக்கம் வரிசையாக. ஸ்கோர் 3 வந்துவிடும். ஆனால் இந்தப் படம் ஸ்ட்ரெப்பை விட எப்ஸ்டைன்-பார் வைரஸ் கொண்டுவரும் மோனோநியூக்ளியோசிஸ் என்ற நோயோடு அதிகம் பொருந்துகிறது. நெறி முன்பக்கமா, பின்பக்கமா என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். இவருக்கு அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் உடம்பு முழுக்கத் தடிப்பு வரக்கூடும். ஸ்கோர் ஒரு கிருமியைப் பற்றி மட்டுமே கேட்கிறது. வேறு என்னவாக இருக்கும் என்று யோசிக்கும் வேலை மருத்துவருடையது.

மூன்றாவது, 9 வயதுச் சிறுவன். நேற்று இரவு திடீரென்று தொடங்கியது. 38.9 டிகிரி காய்ச்சல், இருமல் இல்லை, வீங்கிய டான்சிலில் மஞ்சள் புள்ளிகள், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி. நான்குக்கு நான்கு, வயதுக்கு இன்னும் ஒன்று. மொத்தம் 5. இவனிடம் திரும்பி வருவோம்.

பிரிட்டனில் பலர் வேறு ஒரு கணக்கைப் பயன்படுத்துகிறார்கள். பால் லிட்டிலும் சகாக்களும் 2013-ல் வெளியிட்ட அதற்கு ஃபீவர்பெயின் என்று பெயர். ஐந்து கேள்விகள்: கடந்த 24 மணி நேரத்தில் காய்ச்சல் இருந்ததா, டான்சிலில் சீழ் இருக்கிறதா, தொடங்கி மூன்று நாளுக்குள் வந்துவிட்டாரா, டான்சில் கடுமையாக வீங்கிச் சிவந்திருக்கிறதா, இருமலும் ஜலதோஷமும் இல்லையா. இதில் 0 அல்லது 1 வந்தால் ஸ்ட்ரெப் இருக்கும் வாய்ப்பு 13 முதல் 18 சதவீதம், 4 அல்லது 5 வந்தால் 62 முதல் 65. சென்டாரின் எண்களோடு இதை நேரடியாக ஒப்பிட வேண்டாம். இது குரூப் ஏ மட்டுமல்லாமல் குரூப் சி, குரூப் ஜி ஸ்ட்ரெப்பையும் சேர்த்து எண்ணுகிறது. 'எவ்வளவு சீக்கிரம் வந்தார்' என்பதை ஓர் அறிகுறியாகவே எடுத்துக்கொண்டது அழகான யோசனை. ஸ்ட்ரெப் மெல்ல மெல்ல ஏறுவதில்லை, திடீரென்று தாக்கும். அப்படித் தாக்குண்டவர் காத்திருக்காமல் வந்துவிடுகிறார்.

ஸ்கோர் போடக் கூடாத இடங்கள்

மூன்று வயதுக்குக் கீழே இந்தக் கணக்கு பொருந்தாது. அந்த வயதில் ஸ்ட்ரெப் தொண்டையும் ருமாட்டிக் காய்ச்சலும் அபூர்வம். ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர், வீட்டில் வேறொருவருக்கு ஸ்ட்ரெப் உறுதியானவர் ஆகியோருக்கு ஸ்கோரை மட்டும் பார்த்து முடிவெடுக்க மாட்டார்கள். ருமாட்டிக் காய்ச்சல் அதிகமாக உள்ள சமூகங்களிலும் அப்படித்தான். நியூசிலாந்தில் மாவோரி, பசிஃபிக் தீவுப் பிள்ளைகளுக்குத் தொண்டைவலி என்றாலே தனிக் கவனத்தோடு பார்க்கிறார்கள். இதய வால்வு கெட்டுப்போகும் ஆபத்து பெரிதாக உள்ள இடத்தில், தேவையில்லாத சில மருந்துச் சீட்டுகளைப் பொறுத்துக்கொள்வது சரியான முடிவு என்றே நானும் நினைக்கிறேன்.

சில அறிகுறிகளைப் பார்த்தால் புள்ளி எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கவே கூடாது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிவது, மூச்சு இழுக்கும்போது சத்தம் வருவது, வாயைத் திறக்க முடியாமல் தாடை இறுகுவது, வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலக் குரல் மாறுவது, ஒரு பக்கம் மட்டும் கழுத்து வீங்குவது, தொண்டையில் சாம்பல் நிறத்தில் கெட்டியான சவ்வு படர்வது. கடைசியாகச் சொன்னது டிஃப்தீரியாவாக இருக்கலாம். மற்றவை சீழ்க் கட்டியாகவோ மூச்சுப் பாதை அடைப்பாகவோ இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இளைஞர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஸ்கோரை உருவாக்கிய சென்டாரே பின்னாளில் இதைப் பற்றி எச்சரித்து எழுதினார். பதின்ம வயதினரிடமும் இளைஞர்களிடமும் ஃபியூசோபாக்டீரியம் என்ற வேறொரு பாக்டீரியாவும் தொண்டையைத் தாக்கும். அபூர்வமாக அது கழுத்து ரத்தக்குழாய்க்குள் இறங்கி ரத்தக் கட்டி உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகும். ஸ்ட்ரெப் ரேபிட் டெஸ்ட் அதைக் காட்டாது. சாதாரணத் தொண்டைவலி மூன்று முதல் ஐந்து நாளில் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காமல் ஏறினால், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், கழுத்தின் ஒரு பக்கம் வீங்கினால், பழைய ஸ்கோரைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும். தான் கண்டுபிடித்த கருவியின் எல்லையைத் தானே முன்வந்து சொன்ன அந்த நேர்மை எனக்கு மிகவும் பெரிதாகப் படுகிறது.

ஸ்ட்ரெப் என்று உறுதியானால் மருத்துவம் சிக்கலில்லாதது: பென்சிலின் அல்லது அமாக்சிசிலின், வழக்கமாகப் பத்து நாள். இத்தனை வருடப் பயன்பாட்டுக்குப் பிறகும் பென்சிலினை முழுமையாக எதிர்த்து நிற்கும் குரூப் ஏ ஸ்ட்ரெப் நோயாளிகளிடம் தலைகாட்டவில்லை. மூன்றாம் நாளே உடம்பு தேறிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாமல், மருத்துவர் சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும். மருந்து வலியைக் குறைக்கும் என்று பெரிதாக எதிர்பார்க்கவும் வேண்டாம். சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவான நேரம்தான் முன்கூட்டி நிம்மதி கிடைக்கும். வலிக்கு வலி மாத்திரைதான்.

அந்தச் சிறுவனுக்கு வருவோம். ஸ்கோர் 5. இப்படிப்பட்ட நூறு பிள்ளைகளில் சுமார் 55 பேருக்கு ஸ்ட்ரெப் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ரேபிட் டெஸ்ட் செய்தார்கள், நெகட்டிவ். அப்படியே அனுப்பிவிடலாமா? அந்த 55 பேரில் 47 பேரைச் சோதனை பிடித்துவிடும், 8 பேரைத் தவறவிடும். ஸ்ட்ரெப் இல்லாத 45 பேரில் 43 பேருக்குச் சரியாக நெகட்டிவ் வரும். ஆக, நெகட்டிவ் வந்த 51 பேரில் 8 பேருக்கு உண்மையில் ஸ்ட்ரெப் இருக்கிறது. ஏறத்தாழ ஆறில் ஒருவர். ஒன்பது வயதுப் பிள்ளையின் இதய வால்வு சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஆறில் ஒன்று என்பது சின்ன எண் இல்லை. அதனால் பிள்ளைகளுக்கு ரேபிட் டெஸ்ட் நெகட்டிவ் வந்தால் கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக அது தேவைப்படுவதில்லை.

கல்ச்சர் முடிவு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை மருந்து கொடுக்காமல் காத்திருக்கலாமா என்று பெற்றோர் பதறுவது இயல்பு. இங்கேதான் அந்த ஒன்பது நாள் கணக்கு கைகொடுக்கிறது. அவனுக்குத் தொண்டைவலி தொடங்கி ஒரு நாள்தான் ஆகிறது. இன்னும் இரண்டு நாள் காத்திருந்தாலும், கிருமி இருப்பது தெரிந்து அன்றே மருந்தைத் தொடங்க நிறைய அவகாசம் இருக்கிறது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுத்து, எச்சில் வழிகிறதா, மூச்சு விடச் சிரமப்படுகிறானா, வாய் திறக்க முடிகிறதா என்று மட்டும் கவனிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் கல்ச்சர் முடிவு வந்தது: ஸ்ட்ரெப் வளரவில்லை. அதற்குள் காய்ச்சல் விட்டிருந்தது. ஐந்துக்கு ஐந்து வாங்கிய அவன் ஒரு ஆன்டிபயாட்டிக் மாத்திரைகூட விழுங்காமல் மறுநாள் பள்ளிக்கூடம் போனான்.